நீல லைட் எரியுதேன்னு நம்பிடாதீங்க

ஞாயித்துக்கிழமை மத்தியானம். காசிமேட்டுல இருந்து வந்த வஞ்சிரம் குழம்புல கொதிச்சிட்டு இருக்கு. வாசல்ல பெல்.

டை கட்டின ஒரு பையன். கையில பெட்டி.

"மேடம், ஃப்ரீ வாட்டர் டெஸ்டிங். ரெண்டே நிமிஷம்தான்."

(ஃப்ரீன்னு காதுல விழுந்தா போதும், எங்க அம்மா நாற்காலியே போட்டுக் குடுத்துடுவாங்க.)

பையன் ரெண்டு கண்ணாடி டம்ளரை எடுத்து வெச்சான். ஒண்ணுல எங்க வீட்டுத் தண்ணி, இன்னொண்ணுல அவன் பாட்டில்ல கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணி. பெட்டியில இருந்து கம்பி கம்பியா நீட்டிக்கிட்டிருந்த ஒரு சாதனத்தை எடுத்து, பிளக்கைச் சொருகி, ரெண்டு டம்ளருக்குள்ளயும் விட்டான். கொஞ்ச நேரத்துல எங்க டம்ளர் பழுப்பாச்சு. அப்புறம் பச்சை. மேல நுரையும் அழுக்கும் மிதக்குது. அவன் டம்ளர் பளிங்கு மாதிரி அப்படியே நிக்குது.

அம்மா வாயில கை வெச்சுட்டாங்க. "இத்தையாடி இத்தினி வருஷமா குடிச்சிக்கினு இருந்தோம்?"

"இதான் மேடம் உங்க தண்ணியில இருக்கற கெமிக்கல்." மெஷின் பதினெட்டாயிரமாம். இன்னிக்கே புக் பண்ணா பதினாலாம்.

நான் சமையக்கட்டுக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்து அவனோட பளிங்குத் தண்ணியில போட்டுக் கலக்கினேன்.

"இப்ப ஒரு தடவை கம்பியை விடு தம்பி."

விட்டான். எங்க தண்ணியை விட சீக்கிரமா பழுத்துச்சு.

விஷயம் ரொம்ப சிம்பிள். அந்தக் கம்பியில ஒண்ணு இரும்பு. தண்ணி வழியா கரண்ட் போனா இரும்பு கரைஞ்சு துருவா வெளிய வரும். கரண்ட் போகணும்னா தண்ணியில கொஞ்சமாவது உப்பு கரைஞ்சிருக்கணும். ஆர்.ஓ. தண்ணியில உப்பு கிட்டத்தட்ட கிடையாது, அதனால கரண்ட் போகல, துருவும் வரல. டம்ளர்ல மிதந்த அழுக்கு முழுக்க கம்பியோட அழுக்கு. நல்ல ஊத்துத் தண்ணியை வெச்சாலும் இதே கலர்தான் வரும். உங்க வீட்டுக்கும் இந்தப் பெட்டி வரும், உப்பு டப்பாவை எட்டுற தூரத்துல வெச்சுக்கோங்க.

இதோட முடிஞ்சிருந்தா நான் பதிவே எழுதியிருக்க மாட்டேன். பெட்டியை மூடிக்கிட்டே பையன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனான்: "உங்க வீட்ல வெறும் யூவிதானே மேடம், அது பழைய டெக்னாலஜி."

அதான் ஏறிடுச்சு.

யூவின்னா புற ஊதாக் கதிர். பழசுதான், யார் இல்லேன்னா? வெயில் பட்டா கிருமி வளராதுன்னு டவுன்ஸ், பிளண்ட்னு ரெண்டு பேர் இங்கிலாந்துல கண்டுபிடிச்சு எழுதினது 1877ல. பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல குடிதண்ணிக்குப் புற ஊதா விளக்கைப் போட்டுப் பாத்தது 1910 வாக்குல. நம்ம நாட்டுல யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனி அக்வாகார்டை இறக்கினது 1984ல. எனக்குத் தெரிஞ்சு எங்க பக்கத்துல முதல்ல அந்தப் பெட்டி வந்தது ஒரு டாக்டர் வீட்ல. தண்ணி பிடிக்கும்போது பாட்டுப் பாடும். அதைக் கேக்கறதுக்காகவே தாகம் எடுக்கும் எங்களுக்கு. அப்புறம் எந்தக் கம்பெனிப் பெட்டியா இருந்தாலும் 'அக்வாகார்டு'தான், எந்த வனஸ்பதியா இருந்தாலும் டால்டான்னு சொன்ன அதே ஊர்தானே இது.

சரி, உள்ள என்ன நடக்குது?

ஒரு ஸ்டீல் குழாய். அதுக்குள்ள டியூப்லைட் மாதிரியே ஒரு பாதரச விளக்கு. வீட்டு டியூப்லைட்டுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. டியூப்லைட்ல உள்பக்கம் வெள்ளையா பாஸ்பர் பூச்சு இருக்கும், அது புற ஊதாவை சாதாரண வெளிச்சமா மாத்தும். இதுல அந்தப் பூச்சு இல்ல. உள்ள உருவாகற 254 நானோமீட்டர் கதிர் அப்படியே வெளிய வருது. அந்த அலைநீளத்தைக் கிருமியோட டிஎன்ஏ நல்லா உறிஞ்சிக்கும். உறிஞ்சினதும் டிஎன்ஏ ஏணியில பக்கத்துப் பக்கத்துல இருக்கற ரெண்டு தைமின் படிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அவ்வளவுதான், அந்த ஏணியைப் பிரதி எடுக்க முடியாது. கிருமி உடனே சாகறதுகூட இல்ல, கு.க. ஆபரேஷன் ஆகிடுது. வயித்துக்குள்ள போனாலும் குடும்பம் பெருக்க முடியாது. ஒண்ணு ரெண்டு கிருமியால நமக்கு ஒண்ணும் ஆகாது, அது உள்ள போய் கோடியா பெருகறதுதான் நோய்.

வாசனை மாறாது, ருசி மாறாது, தண்ணி சூடாகாது. குளோரினுக்கே அசையாத சில ஜென்மங்களும் இதுக்கு மடங்கும். 1993ல அமெரிக்காவுல மில்வாக்கி நகரத்துல கிரிப்டோஸ்போரிடியம்னு ஒரு ஒட்டுண்ணி குழாய்த் தண்ணியில புகுந்து சுமார் நாலு லட்சம் பேருக்கு வயித்தைக் கெடுத்துச்சு. குளோரின் போட்ட தண்ணிதான் அது. கொஞ்சமா யூவி காட்டினாலே அந்த ஒட்டுண்ணி செயலிழந்துடும்னு பின்னாடிதான் தெரிஞ்சது. இன்னிக்கு நியூயார்க் நகரத்துக்கு வர்ற மலைத் தண்ணிக்கு யூவி காட்டறதுக்குன்னே ஒரு பிரம்மாண்டமான நிலையம் இருக்கு, 2013ல ஆரம்பிச்சது.

"பழைய டெக்னாலஜி"யாம்.

இந்த யூவி கதைக்கும் நம்ம ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கு, அதைச் சொல்லாம விட மனசு வரல. எங்க அம்மா தலைமுறைக்குத் தண்டையார்பேட்டை தொற்றுநோய் ஆஸ்பத்திரின்னு பேர் எடுத்தாலே வயித்தைக் கலக்கும். வாந்திபேதின்னா நேரா அங்கதான். 1992 கடைசியில மெட்ராஸ்ல ஒரு புது மாதிரி காலரா தலைகாட்டுச்சு. அதுவரைக்கும் கொள்ளைநோயா பரவற காலராக் கிருமின்னா ஓ1 ஒரு வகைதான்னு டாக்டர்கள் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. இது ஓ1 இல்ல. ஓ139னு புது நம்பர் குடுத்தாங்க. பழைய காலரா வந்து உடம்பு தேறி எதிர்ப்புச்சக்தி வெச்சிருந்த பெரியவங்களையே போட்டுத் தள்ளுச்சு. இங்க இருந்து கடலோரமா மேல ஏறி, கல்கத்தா, வங்கதேசம்னு பரவி ஆயிரக்கணக்கான உயிரை எடுத்துச்சு. வங்காள விரிகுடா ஓரமா பரவினதால அந்தக் கிருமிக்கு 'பெங்கால்'னு பேர் வெச்சாங்க. (நல்லவேளை. கண்ணு சிவந்தா 'மெட்ராஸ் ஐ'ங்கறாங்களே, அது ஒண்ணே போதும் நமக்கு.)

அந்தக் காலராச் செய்தியைக் கலிபோர்னியாவுல உக்காந்து படிச்சவர் அசோக் காட்கில். மும்பைக்காரர், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துல விஞ்ஞானி. காய்ச்சிக் குடிங்கன்னு சொல்றது சுலபம், விறகுக்கு எங்க போவாங்கன்னு யோசிச்சார். யூவி வாட்டர்வொர்க்ஸ்னு ஒரு பெட்டி பண்ணார். மோட்டார் பிரஷர் எதுவும் வேணாம், தண்ணி தானா சரிஞ்சு ஓடினா போதும். விளக்கைத் தண்ணிக்குள்ள முக்காம மேல தொங்கவிட்டார், அதனால விளக்குல பாசியும் உப்பும் படியற தொல்லையே இல்ல. 60 வாட்ல நிமிஷத்துக்கு 15 லிட்டர்.

ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். 28 டிகிரியில இருக்கற ஒரு லிட்டர் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவர சுமார் மூணு லட்சம் ஜூல் வேணும். அதே ஒரு லிட்டருக்கு அவர் பெட்டி செலவழிக்கறது 240 ஜூல். ஆயிரம் மடங்குக்கு மேல வித்தியாசம்! கேஸ் சிலிண்டர் விக்கற விலையில இதைப் படிச்சதும் அம்மாகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். "காய்ச்சின தண்ணி காய்ச்சின தண்ணிதான்"னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. (அமெரிக்க அரசாங்கம் 2023ல காட்கிலுக்குத் தேசிய தொழில்நுட்பப் பதக்கம் குடுத்துச்சு. எங்க அம்மா இன்னும் ஒண்ணும் குடுக்கல.)

இப்போ இவ்வளவு நேரம் யூவிக்குத் தூக்கின காவடியை இறக்கி வெக்கறேன். ஏன்னா அம்மா முழுக்கத் தப்பும் இல்ல.

தலைப்புல இருக்கற சமாச்சாரம்தான் முதல்ல. பெட்டியில ஒரு குட்டி ஜன்னல் வழியா நீலமா வெளிச்சம் தெரியும். அதைப் பாத்து "வேலை செய்யுது"ன்னு நிம்மதியா தண்ணி பிடிப்போம். ஆனா கிருமியை முடக்கற கதிர் கண்ணுக்கே தெரியாது. நாம பாக்கற நீலம் கூட வர்ற உபரி. விளக்கு வயசாக ஆக புற ஊதா குறைஞ்சுகிட்டே வரும், நீலம் மட்டும் ஜோரா எரியும். சாதாரணமா இந்த விளக்குங்களுக்கு சுமார் 9,000 மணி நேரம்தான் ஆயுள்னு வெப்பாங்க. இடைவிடாம எரிஞ்சா ஒரு வருஷத்துக்குச் சொச்சம். நல்ல மெஷின்ல சென்சார் இருக்கும், கதிர் குறைஞ்சா தண்ணியையே நிறுத்திடும். உங்க மெஷின்ல இருக்கான்னு பாருங்க.

அப்புறம் ஸ்லீவ். விளக்கு தண்ணியில நனையாம இருக்க அதைச் சுத்தி ஒரு கண்ணாடி உறை. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடாது, அதனால குவார்ட்ஸ்ல பண்ணியிருப்பாங்க. அது மேல கால்சியம் படிஞ்சா கதிர் தண்ணிக்குப் போகாம உறையோடயே நின்னுடும்.

எங்க வீட்டுக்கு வருஷா வருஷம் ஏஎம்சி போட்டு ஒரு சர்வீஸ் ஆள் வருவார் (கம்பெனி பேர் வேணாம் விடுங்க). கேண்டிலை மாத்துவார், கார்பனை மாத்துவார், மேல ஒரு துணி போட்டுத் துடைப்பார், கார்டை நீட்டுவார். ஒரு தடவை, "அந்த ஸ்டீல் குழாயைக் கொஞ்சம் திறங்க தம்பி"ன்னேன்.

"லைட்தான் எரியுதே அக்கா?"

"திறங்க."

திறந்தார். உறை முழுக்க வெள்ளையா சுண்ணாம்புப் படலம். கெட்டில் அடியில பிடிச்சிருக்குமே அதே. லைட் எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு, பாவம், யாருக்கு எரிஞ்சதுன்னுதான் தெரியல.

அப்போ இருந்து நானே கழட்டறேன். எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சுப் பாத்தேன், மணமா இருந்துச்சு, படலம் மட்டும் போகல. வினிகர் பரவாயில்ல. சூப்பரா வேலை செஞ்சது நாட்டு மருந்துக் கடையில கிடைக்கற எலுமிச்சை உப்புதான், வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு ஊற வெச்சா தானா கழண்டு வருது. ஸ்டீல் நார் போட்டுத் தேய்க்காதீங்க, கீறல் விழும். கைரேகை படியாம மெல்லிசுத் துணியால பிடிங்க. முக்கியமா, பிளக்கைப் பிடுங்கிட்டுதான் கை வெக்கணும். அந்த விளக்கை வெளிய வெச்சு எரிய விட்டுப் பாக்கற வேலை வேணவே வேணாம். கண்ணும் தோலும் வெந்துடும். வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால பாத்துட்டு ராத்திரி முழுக்கக் கண்ணுல மண்ணு விழுந்தாப்பல துடிச்சவங்க நம்ம துறைமுகப் பக்கம் நிறைய பேர் இருக்காங்க, கேட்டுப் பாருங்க. அதுவும் புற ஊதா பண்ற வேலைதான்.

இன்னொரு வேண்டாத வேலை: "தண்ணி ரொம்ப சன்னமா வருது, குடம் ரொம்பவே மாட்டேங்குது"ன்னு பிளம்பரைக் கூப்பிட்டு உள்ள இருக்கற அடைப்பானை எடுக்கச் சொல்றது. எங்க தெருவுலயே ரெண்டு மூணு வீட்ல நடந்திருக்கு. அந்த சன்னம் கம்பெனிக்காரன் கஞ்சத்தனம் இல்ல. சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் கதிர் தண்ணி மேல படணும்னு ஒரு கணக்கு உண்டு. ஓட்டம் ரெண்டு மடங்கானா கதிர் படற நேரம் பாதியாகும்.

கலங்கல் தண்ணியிலயும் யூவி தோத்துடும். ஒவ்வொரு தூசிக்குப் பின்னாடியும் கிருமி நிழல்ல ஒதுங்கி நிக்கும். அதுக்குதான் முன்னாடியே கேண்டிலும் கார்பனும்.

இங்கதான் நம்ம வடசென்னை ராயபுரம், கல்மண்டபம், பழைய வண்ணாரப்பேட்டைப் பிரச்சினை வருது. பழைய தெரு, பழைய குழாய், பக்கத்துலயே சாக்கடைக் குழாய். நாள் முழுக்க தண்ணி ஓடினா குழாய்க்குள்ள அழுத்தம் இருக்கும், ஓட்டை இருந்தாலும் தண்ணி வெளியதான் போகும். நேரம் வெச்சு விட்டு நிறுத்தறதால, நின்னதும் உள்ள அழுத்தம் இறங்கி வெளிய தேங்கினது உள்ள வரும். அது போதாதுன்னு அடி பம்ப்பும் மோட்டாரும் வெச்சு நாமளே வேற இழுக்கறோம். குளோரின் கொஞ்சம் வரைக்கும் சமாளிக்கும். முதல்ல வர்ற குடம் கலங்கலா, வாடையா இருந்தா அதை எந்த மெஷின்லயும் ஊத்தாதீங்க. யூவி கிருமியைதான் முடக்கும், சாக்கடையைத் தண்ணியாக்காது. எண்ணூர் கழிமுகத்துல 2023 டிசம்பர் வெள்ளத்துல எண்ணெய் கலந்துச்சே, அந்த மாதிரி எண்ணெய், ரசாயனம், ஈயம் எதையும் இந்த வெளிச்சம் தொடக்கூட தொடாது.

அந்த வெள்ளத்தைக் கொண்டுவந்த மிக்ஜாம் புயல் அப்போ இன்னொண்ணும் புரிஞ்சுது. தண்ணி ரொம்பக் கெடற நாள்லதான் கரண்ட்டும் இருக்காது! யூவி பெட்டி செவுத்துல சும்மா தொங்கிட்டு இருந்துச்சு. அம்மா அடுப்புல அண்டாவை ஏத்திட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க. மொட்டை மாடியில தெளிவான பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணியை ஊத்தி ஆறு மணி நேரம் நல்ல வெயில்ல வெச்சா அதுவும் கிருமியைக் கொல்லும், சோடிஸ்னு பேரு, சுவிட்சர்லாந்து ஆய்வுக்கூடம் ஒண்ணு உலகம் பூரா பரப்பின முறை. ஆனா புயல் அன்னிக்கு வெயிலுக்கு எங்க போக?

தண்ணி பெட்டியை விட்டு வெளிய வந்த அப்புறம் நடக்கறதையும் சொல்லிடறேன். கார்பன் குளோரினை எடுத்துடுது. யூவி தண்ணியில எதையும் மிச்சம் வெக்கறதில்ல. ஆக, குடத்துல விழுந்த நிமிஷத்துல இருந்து அந்தத் தண்ணிக்குக் காவல் கிடையாது. அதுக்குள்ள கையோட சொம்பை முக்கினா? (அம்மா, இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க.) குழாய் வெச்ச டிரம் வாங்கியாச்சு, வீட்ல ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்ல.

சரி, ஆர்.ஓ. வேணுமா வேணாமா? டி.டி.எஸ். மீட்டர் பேனா மாதிரி கிடைக்குது, வாங்கி முக்கிப் பாருங்க. அது காட்டறது கரைஞ்சிருக்கற உப்பை மட்டும்தான், கிருமியைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ இருந்தா ஆர்.ஓ. தேவையில்ல. இந்த 500க்குக் கீழ இருக்கற இடங்கள்ல ஆர்.ஓ.வைத் தடை பண்ணச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019ல உத்தரவு போட்டுச்சு. அதே வருஷம்தான் புழல் ஏரி காஞ்சு கிடந்து, நாம குடத்தோட லாரி பின்னாடி ஓடினோம். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் குடுக்கறதுக்கு ரெண்டு மூணு லிட்டரை சாக்கடையில விடும். போர் தண்ணியை மட்டும் குடிக்கறவங்களுக்கு வேற வழியில்ல, கடலோரத்துல நிலத்தடி நீர் உப்புதான், அவங்க ஆர்.ஓ. வாங்கட்டும். ஆனா மெட்ரோ தண்ணி? காட்டுப்பள்ளியில 2010ல ஆரம்பிச்சாங்களே மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம், நாளைக்கு 10 கோடி லிட்டர், அதுவே ஒரு ராட்சச ஆர்.ஓ.தான். அந்தத் தண்ணி வடசென்னைக்குதான். அதைப் பிடிச்சு வீட்ல இன்னொரு தடவை ஆர்.ஓ. பண்றது எந்த ஊர் நியாயம்?

எங்க வீட்டு மீட்டர் முந்நூத்துச் சொச்சம்தான் காட்டுது. அதனால யூவியே இருக்கட்டும்னு முடிவு பண்ணியாச்சு. சென்சார் வெச்ச புது மாடலா மாத்தலாமான்னு மட்டும் யோசனை ஓடுது. உங்ககிட்ட இருந்தா, விளக்கு தேஞ்சதும் அது நிஜமாவே தண்ணியை நிறுத்துதான்னு கமெண்ட்ல சொல்லுங்க. பழைய விளக்கைக் குப்பைத்தொட்டியில வீசாதீங்க, உள்ள பாதரசம் இருக்கு, மாத்த வர்ற ஆள்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. அப்படியே அடுத்த தடவை அவர் வரும்போது உறையைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. காட்டாம கார்டை நீட்டினா கையெழுத்துப் போடாதீங்க.